விளக்கைப் பார்த்துக்கொள்கிற ஆள்

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. வீரராசேந்திர சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1060-களின் பின்பாதி. கோயிலைச் சேர்ந்து நடந்த 15 படுக்கை ஆதுலசாலையில் யார் யார் வேலை செய்தார்கள், அவர்களுக்கு வருஷத்துக்கு எவ்வளவு என்று அது வரிசையாகச் சொல்கிறது. வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்கிறவருக்கு 30 கலம். பச்சிலையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுகிறவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருகிறவர் என்று பட்டியல் நீள்கிறது. ராத்திரி ஆதுலசாலையில் எரிகிற விளக்குக்கு எண்ணெய்ச் செலவுகூடத் தனியாக உண்டு.

பார்க்க வருகிறவர்கள் ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி!’ என்று வியந்துவிட்டுப் போவார்கள். நான் வியக்கிறது தண்ணீர் கொண்டுவருகிற ஆளைப் பார்த்துத்தான். அவரையும் விட்டுவிடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்களே! ஒரு ஆதுலசாலை நாளைக்கும் நடக்க வேண்டுமென்றால் எத்தனை கைகள் வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது என் கண்ணில் பட்டதற்குக் காரணம் என் தொழில். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்துவிட்டு, போக்குவரத்து சிக்னல்களைப் பராமரிக்கிற ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: “இன்னா வேலைடா அது? போலீஸ் வேலையா?”

“இல்லப்பா, போலீஸ் லைட்டு ரிப்பேர் பண்ற வேலை.”

“அதுக்குன்னு தனியா ஆளு வேற கீறாங்களா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் கதை ரயிலில் போய் நிற்கிறது.

லண்டனில் 1868 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் உலகின் முதல் சாலை சிக்னலை நட்டார்கள். யோசனை சொன்னவர் ஜான் பீக் நைட். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டெர்பி ரயில் நிலையத்தின் பார்சல் அறையில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ரயில்வே நிர்வாகியானவர். ரயிலில் பார்த்துப் பழகியதையே சாலைக்குக் கொண்டுவந்தார். பகலில் மேலும் கீழும் அசைகிற கை, இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு. செய்து கொடுத்ததும் சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் என்கிற ரயில்வே சிக்னல் கம்பெனிதான்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. 1869 ஜனவரி ஆரம்பத்தில் வாயு கசிந்து விளக்கு வெடித்தது. இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குப் பலத்த காயம். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் லண்டன் சாலைகளில் சிக்னல் விளக்கு கிடையாது. நைட்டின் யோசனையில் குறையில்லை, இன்று உலகமே அதில்தான் ஓடுகிறது. தோற்றது ஒரு குழாய். சாலை சிக்னலின் முதல் விபத்தே பராமரிப்பு சம்பந்தப்பட்ட விபத்து.

அந்த சாக்ஸ்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய அதே 1856-ல், தண்டவாளத்தின் கிளைப்பாதையையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கிற இயந்திரத்துக்கு அவர் காப்புரிமை வாங்கினார். இந்த யோசனை வளர்ந்து ‘இன்டர்லாக்கிங்’ ஆனது. ஒன்றோடொன்று மோதக்கூடிய இரண்டு பாதைகளுக்கு ஒரே நேரத்தில் வழி கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது, நெம்புகோல் நகராது. மனிதனின் கவனத்தை மட்டும் நம்பாமல் இரும்பையே கவனமாக இருக்க வைத்தார்கள்.

அமெரிக்காவில் 1914 ஆகஸ்டில் கிளீவ்லாந்து நகரத்தில் மின்சார சிக்னல் வந்தது. குறுக்கே போகிற இரண்டு சாலைக்கும் ஒருசேரப் பச்சை விழாதபடி அதன் கம்பிகளை அமைத்திருந்தார்கள். 1920-ல் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ், ரயில் பயன்படுத்திய மூன்று நிறங்களையும் நான்கு திசைக்கும் வைத்தார். இன்று நம் சாலையோரப் பெட்டிக்குள் ‘கான்ஃப்ளிக்ட் மானிட்டர்’ என்று ஒரு அட்டை இருக்கும். எதிரெதிர் பச்சை சேர்ந்து விழுந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மஞ்சளை மினுக்க விடும். அது சாக்ஸ்பியின் நெம்புகோலுக்குப் பேரப்பிள்ளை.

சென்னைக்கு சிக்னல் 1953-ல் வந்தது. இடம் எழும்பூர் சந்திப்பு. தென்னிந்தியாவின் முதல் போக்குவரத்து விளக்கு அதுதான் என்கிறார்கள். இங்கேயும் ரயிலுக்குப் பக்கத்திலேதான்!

சாலை ரயிலிடமிருந்து விளக்கை வாங்கிக்கொண்டது. நிறங்களை வாங்கிக்கொண்டது. மோதல் தடுக்கிற தந்திரத்தையும் வாங்கிக்கொண்டது. விளக்கைப் பார்த்துக்கொள்கிற ஆளை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

எழும்பூருக்கு நான்கு வருஷம் கழித்து, 1957-ல், இந்திய ரயில்வே தன் சிக்னல் ஆட்களுக்கென்று செகந்திராபாத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியையே ஆரம்பித்தது. போத்தனூரில் சிக்னல் சாமான்களுக்கென்று தனிப் பணிமனை. ரயிலில் சிக்னலைப் பராமரிக்கிறவருக்குப் பதவிப் பெயர் உண்டு, பதவி உயர்வு உண்டு. எங்கள் ஊரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழையசீவரம் ஸ்டேஷன். அந்தத் தடத்தில் ஒரு சிக்னல் கருவியைக் கழற்ற வேண்டுமென்றால் டெக்னீஷியன் முதலில் டி/351 என்கிற படிவத்தை எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து திரும்ப இணைத்ததும் மறுபடி கையெழுத்து. யார் தொட்டார், எத்தனை மணிக்குத் தொட்டார், எப்போது சரியானது என்று காகிதம் சொல்லும்.

சாலையில் அப்படி ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை. ஐ.டி.ஐ.யில் சாலை சிக்னலுக்கென்று தனித் தொழிற்பிரிவு இல்லை. எலக்ட்ரீஷியனோ எலக்ட்ரானிக் மெக்கானிக்கோ படித்துவிட்டு வந்து, ஒரு அண்ணன் பின்னாலேயே ஏணி தூக்கிக்கொண்டு போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1896-லிருந்தே நகராட்சி சிக்னல் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அது தேர்வு வைத்து, படிப்படியான நிலைகளில் ‘டிராஃபிக் சிக்னல் டெக்னீஷியன்’ என்று சான்றிதழ் கொடுக்கிறது. நமக்கு ஏணிதான் முதல் நிலை.

ஏணியும் நிறையவே கற்றுக்கொடுக்கும். நான் போன முதல் வாரத்தில் சீனியர் அண்ணன் சொன்னது: “தம்பி, பச்சை எரியலன்னா ஜனம் திட்டும், அவ்ளோதான். சிவப்பு எரியலன்னா செத்துப்போவாங்க. எங்க போனாலும் மொதல்ல சிவப்பைப் பாரு.” சந்திப்பு முழுக்க இருண்டுபோனால் வண்டிகள் தாங்களாகவே தயங்கிப் பேசி வைத்தமாதிரி நகரும். ஒரு திசையின் சிவப்பு மட்டும் செத்துப்போனால், அந்தப் பக்கத்து ஆளுக்கு ஆபத்தே தெரியாது. சிவப்பு எரிகிறதா என்று தானாகவே கண்காணிக்கிற பெட்டிகள் இருக்கின்றன. இல்லாத பெட்டிகளுக்கு நாங்கள்தான் கண்காணிப்பு.

கேபிளை எலி கடித்திருக்கும். யாராவது பள்ளம் தோண்டி வெட்டியிருப்பார்கள். மின்னல் விழுந்து அட்டை கருகியிருக்கும். விளக்கின் முகமூடியில் புழுதி அப்பியிருக்கும். எங்கள் பக்கத்துக் கல்குவாரி லாரிப் புழுதியில் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

பெட்டிக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. எத்தனை விநாடிக்கு ஒரு சுற்று என்பதை ஆள் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. 1958-ல் வெப்ஸ்டர் என்கிற ஆங்கிலேயர் ஒரு சூத்திரம் சொன்னார். ஒரு சுற்றில் நிறம் மாறும்போது வீணாகிற நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். சந்திப்பு எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்கிற பின்னத்தை 1-லிருந்து கழித்து, அதால் வகுக்க வேண்டும். 12 விநாடி வீணாகிறது, பின்னம் 0.7 என்றால் 23-ஐ 0.3-ஆல் வகுக்கிறோம்: சுமார் 77 விநாடி. பின்னம் 0.8 ஆனால் அதுவே 115. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ பெரிய கடையோ புதிதாக வந்தால் பின்னம் மாறிவிடும், பெட்டிக்குள் பழைய எண்ணே ஓடிக்கொண்டிருக்கும். அது சரியில்லை என்று முதலில் தெரிவது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவனுக்குத்தான். அவன் சொல்வதை எழுதிக்கொள்ள எவரும் இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்டால், அந்தச் சீனியர் அண்ணனையே சொல்ல வேண்டும். அவர் இந்த வேலையில் 14 வருஷம். டெண்டர் மாறும்போதெல்லாம் ஒப்பந்ததாரர் மாறுவார், அதே ஆட்களைப் புது ஆட்களாகச் சேர்த்துக்கொள்வார். வளைகுடாவில் சிக்னல் பராமரிப்பு வேலை ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்தபோது அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். கிடைத்த தாளில் கடைசி இரண்டு வருஷம் மட்டும் இருந்தது. பதவி: ‘ஹெல்பர்’. நகரத்தின் பாதிப் பெட்டிகளைத் திறக்காமலே என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய மனிதர். வேலை கிடைக்கவில்லை. “பரவால்ல தம்பி” என்றார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அவரோடு சேர்த்து அந்தப் பெட்டிகளின் ஞாபகமும் ஒருநாள் போய்விடும்.

எங்கள் தாலுகாவின் தலைமை ஊரான உத்திரமேரூரில் 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குடவோலைத் தேர்தல் என்று எல்லாரும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதில் எனக்குப் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வேலை என்றால் அதற்குப் பெயரும் உண்டு, பொறுப்பும் உண்டு, இரண்டும் எழுத்தில் இருக்கும். அந்த வாரியங்களில் நிலமும் வேதமும் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்பதை மறக்கவில்லை. அவர்களைக் கொண்டாட வேண்டாம், எழுதி வைக்கிற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 119-ஆம் பிரிவு, வண்டி ஓட்டுகிறவர் சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலைப் பராமரிப்பில் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. விளக்கைப் பார்க்கிறவர், நட்டவர், நடச் சொன்னவர் எல்லாரும் இந்தப் பிரிவுகளில் வந்துவிட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர் வரவில்லை. சாலைக்கும் ஒரு டி/351 வேண்டும், ஐ.டி.ஐ.யில் ஒரு பாடப்பிரிவு வேண்டும், டெண்டர் மாறினாலும் மாறாத ஒரு பணிப்பதிவு வேண்டும். மூன்றுக்கும் மாதிரியைத் தேடி வெளிநாடு போக வேண்டாம், பழையசீவரம் ஸ்டேஷன் வரைக்கும் போனால் போதும்.

அதுவரை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். திறக்கிற ஒவ்வொரு பெட்டியின் கதவுக்கு உள்பக்கமும் ஒரு அட்டையை ஒட்டி, தேதி, கோளாறு, செய்தது, செய்தவர் பெயர் நாலையும் எழுதுகிறோம். போன மழைக்காலத்தில் ஒரே கம்பத்தில் மூன்று தடவை அட்டை கருகியது தெரிந்து, தரையைத் தோண்டிப் பார்த்தோம். எர்த் கம்பி அரித்துப்போயிருந்தது. மாற்றினோம். அதற்கப்புறம் அங்கே கருகவில்லை. அடுத்த டெண்டர் யாருக்குப் போகும் என்று தெரியாது. போகிறவருடைய ஆள் கதவைத் திறந்தால் சீனியர் அண்ணனுடைய பெயர் அங்கே இருக்கும்.