ஈத்தர்பேட் பிழைத்த கதை

2008 நவம்பரில் ஈத்தர்பேட் வெளியானபோது அதில் நம்மைக் கவர்ந்தது அதன் எளிமைதான். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். பிரவுசரில் ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும்; அதன் முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவரும் உள்ளே வந்துவிடுவார். அவர் தட்டுவது ஒரு நிறத்தில், நாம் தட்டுவது இன்னொரு நிறத்தில், எழுத்துக்கு எழுத்து அப்போதே தெரியும். கூகுள் டாக்ஸ் அன்றும் இருந்தது. ஆனால் அதில் இந்த உடனடித்தன்மை வந்து சேர்ந்தது 2010-ல்தான்.

ஏரன் இபா, ஜே.டி. சாம்ஃபிரெஸ்கு, டேவிட் கிரீன்ஸ்பேன் ஆகியோரின் சிறு நிறுவனமான ஆப்ஜெட் செய்தது இது. அவர்கள் முதலில் கட்டியது வேறொன்று: பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, அதைத் தங்கள் சர்வரில் உடனே ஓடவிடும் தளம். நோட் ஜேஎஸ் பிறப்பதற்கு முன்பே சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தவர்கள். அந்தத் தளத்தின் மேல் எழுப்பியதுதான் ஈத்தர்பேட்.

ஒரு பாலிடெக்னிக்கில் கணினி லேப் பார்க்கிறவன் என்ற முறையில், இதன் உள்வேலையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே நொடியில் கை வைத்தால் யாருடைய திருத்தம் நிற்பது? 1989-ல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: எவருடைய திருத்தத்தையும் தள்ளிவிடாமல், முந்தி வந்ததைக் கணக்கில் எடுத்து அடுத்ததன் இடத்தை மாற்றிப் பொருத்துவது. ஈத்தர்பேட் அதைத் தன் பாணியில் செய்தது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு குட்டி வரியாகச் சர்வருக்குப் போகும். அந்த வரி சொல்வது ஏறக்குறைய இப்படி: 'இருந்தது 35 எழுத்து, இப்போது ஒன்று கூடும்; முதல் இரண்டு வரிகளின் 22 எழுத்தை அப்படியே விடு, அடுத்த 11-ஐயும் விடு, அங்கே இன்னாருடைய பெயரில் ஒரு புது வரியைச் செருகு.' எண்கள் 36-ஐ அடிமானமாகக் கொண்டவை. அதனால் 35 என்பது ஒரே குறியீட்டில் அடங்கிவிடும். நம் எழுத்துக் கணக்கு இதற்குத் தெரியாது. 'தமிழ்' என்று தட்டினால் ஐந்து என்று எண்ணும். இந்தக் குட்டி வரிகள் எதுவும் அழிவதில்லை. மேலே உள்ள காலக்கோட்டை இழுத்தால் ஒரு புரோகிராம் முதல் எழுத்திலிருந்து எப்படி உருவானது, யார் எங்கே அடித்துத் திருத்தினார்கள் என்று எல்லாம் ஓடிக் காட்டும். மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சாதனத்தை நான் பார்த்ததில்லை.

2009 டிசம்பர் தொடக்கத்தில் கூகுள் ஆப்ஜெட்டை வாங்கியது. ஆட்கள் கூகுள் வேவ் என்ற கூட்டுத் தொடர்புத் தளத்தின் குழுவுக்குப் போகிறார்கள், ஈத்தர்பேட் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. பயன்படுத்தியவர்கள் கொதித்துப்போனார்கள். எழுதி வைத்ததெல்லாம் ஒருவருடைய சர்வரில் இருந்தால் அவர் வைத்ததுதான் சட்டம் என்பது அன்று பலருக்கு முதல்முறையாக உறைத்தது. ஆப்ஜெட்காரர்கள் உடனே இறங்கிவந்தார்கள்: மூல நிரலைத் தரும்வரை தளம் நடக்கும் என்றார்கள். சொன்னபடியே அந்த மாதம் 17-ஆம் தேதி அப்பாச்சி உரிமத்தில் நிரல் முழுவதும் வெளியானது. வேலை கொடுத்த புது முதலாளியின் நிழலில் நின்றுகொண்டு இதைச் செய்தார்கள் என்பதற்காக அவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எந்த வேவுக்காக அவர்களை அழைத்துப் போனார்களோ, அதன் வளர்ச்சியை 2010 ஆகஸ்டில் கூகுளே நிறுத்திவிட்டது.

நிரல் கிடைத்ததும் ஆளாளுக்குச் சர்வர் எழுப்பினார்கள். சுவீடனின் பைரேட் கட்சி பைரேட்பேட் என்று ஒன்றை நடத்தியது. ஆனால் ஸ்காலாவும் ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்த பெரிய சுமை அது. சாதாரண இயந்திரம் மூச்சு வாங்கும். அதைத் தீர்த்தவர் பீட்டர் மார்டிஷ்கா. 2011-ல் அவர் நோட் ஜேஎஸ்ஸில் சர்வர் பகுதியைப் புதிதாக எழுதி, ஈத்தர்பேட் லைட் என்று பெயரிட்டார். இன்று ஈத்தர்பேட் என்று இறக்கிக்கொள்வது அதன் வழிவந்ததையே. எங்கள் லேபில் கழித்துப்போட இருந்த ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு இதைத்தான் ஓட்டுகிறோம். 9001-ஆம் போர்ட்டைத் திறந்தால் வந்துவிடும்; வெளி இணையம் இல்லாத நாளிலும் மாணவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சி புரோகிராம் எழுதுவார்கள். விக்கிமீடியாவும் தன் சர்வரில் ஒன்றை நடத்துகிறது.

ஈத்தர்பேட்டின் பழைய நிரலிலிருந்து கிளைத்த ஹேக்பேட் என்ற தளமும் இதே வழியில் போனது. 2014-ல் டிராப்பாக்ஸ் அதை வாங்கியது, 2015-ல் நிரலை வெளியிட்டது, 2017 ஜூலையில் தளத்தை மூடியது. நிரல் இருந்தும் ஹேக்பேட் ஈத்தர்பேட் அளவுக்கு வேர்பிடிக்கவில்லை. பிரித்துப் போட்டு, இளைக்க வைத்து, பழைய இயந்திரத்திலும் ஓடும்படி எழுதித்தர அதற்கு ஒரு மார்டிஷ்கா வாய்க்கவில்லை. கூகுள் பெயரை மாணவர்கள் தாங்களே தெரிந்துகொள்வார்கள். அதனால் நான் இந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல் ஈத்தர்பேட் வகுப்பைத் தொடங்குவதில்லை.