சென்னைக் கடைவீதிகள்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருவோர் பொருள் வாங்கச் செல்லும் இடங்களில் பழமையானது ஜார்ஜ் டவுன். கூட்டம் மிகுந்தது தியாகராய நகர். இவ்விரண்டையும் தவிர மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, எழும்பூர், புதுப்பேட்டை, கோயம்பேடு என ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்போன சரக்கு ஒன்று உண்டு. ஒரே பொருளை விற்கும் கடைகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருப்பது இந்நகர வணிகத்தின் இயல்பு. ஆகவே எந்தக் கடை நல்ல கடை என்று விசாரிப்பதைவிட, எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று விசாரிப்பதே இங்கு பயன் தரும். தெரு சரியாக அமைந்துவிட்டால், ஒரு கடையில் சொன்ன விலையைப் பத்தடி தள்ளி இன்னொரு கடையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தோற்றம்

சென்னை துணிக்காக உருவான நகரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு, பருத்தித் துணி இங்கே மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். கம்பெனி கட்டிய கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் சாயமிடுவோரும் துபாஷிகளும் குடியேறினார்கள். ஆர்மீனியர், தெலுங்கு வணிகர், பிற்காலத்தில் குஜராத்தியரும் மார்வாடிகளும் வந்து சேர, அப்பகுதி வணிகப் பேட்டையாக வளர்ந்து இன்றைய ஜார்ஜ் டவுன் ஆயிற்று. 1734இல் கூவம் கரையில் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே இருந்த நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு, 1920களில் அங்கே தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய அந்தக் குடியிருப்பில் கடைகள் பெருகி, இன்று குடியிருப்பு இருந்த சுவடே பல தெருக்களில் தெரிவதில்லை.

ஜார்ஜ் டவுன்

சென்னைவாசிகள் இப்பகுதி முழுவதையும் ‘பாரிஸ்’ என்றே சொல்வார்கள். 1788இல் இங்கு வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் முனையில் நின்றுவிட்டது. பாரிமுனையிலிருந்து மேற்கே செல்லும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலிருந்து கிளைவிடும் தெருக்கள்தாம் மொத்த வியாபாரத்தின் நரம்புகள். கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதம், கல்யாணப் பத்திரிகை, அச்சுச் சாமான். காசி செட்டி தெருவில் விளையாட்டுப் பொருள், ஃபேன்சி சாமான், பரிசுப் பொருள். தங்கசாலைத் தெருப்பக்கம் போனால் வடநாட்டு இனிப்பும் எவர்சில்வர் பாத்திரமும் போட்டியிடும்.

மொத்தக் கடைக்காரர் சில்லறை வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் விலை எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். ஒரு சட்டைத்துணி கேட்பவருக்கு ஒரு விலை, ஒரு கட்டு எடுப்பவருக்கு இன்னொரு விலை. “சில்லறைக்குக் குடுப்பீங்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுவது இருவருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, வளைகாப்புக்கு வளையல், பிறந்தநாளுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சிறு பரிசு என்று நூறு உருப்படி வேண்டியவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான இடம் சென்னையில் கிடையாது. இரண்டு உருப்படிக்காக இந்த நெரிசலுக்குள் வருவது வீண் அலைச்சல். தட்டுவண்டியும் சுமைக்காரர்களும் நடக்கும் சந்துகளில் கார் நுழைய முடியாது, நடந்துதான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும்.

கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பொருள் அரிதாக இருந்த காலத்தில் வாசனைத் திரவியமும் டேப் ரெக்கார்டரும் வாங்க மாநிலம் முழுவதிலுமிருந்து இங்கே வந்தார்கள். இப்போது கைப்பேசி உதிரிகளும் மின்னணுச் சாமான்களும் மிகுதி. பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்கவேண்டிய இடம் இது; அவை இல்லையென்றால் விலையுயர்ந்த பொருளைத் தவிர்ப்பதே நல்லது. அருகே தள்ளுவண்டிகளில் கிடைக்கும் அத்தோ, அதே மக்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த உணவு.

தியாகராய நகர்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. சில நூறு மீட்டர் நீளமுள்ள இந்தத் தெருவில் பல மாடிக் கடைகளும், அவற்றின் வாசலிலேயே ஊக்கு, கைக்குட்டை, ஹேர்பேண்டு விற்கும் நடைபாதைக் கடைகளும் சேர்ந்து தோளோடு தோள் உரசும் கூட்டத்தை இழுக்கின்றன. பாத்திரம், அன்றாட உடுப்பு, வீட்டுச் சாமான் ஆகியவற்றுக்கு ஏற்ற தெரு. உஸ்மான் சாலையில் ஜவுளியும் நகையும். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்னும் பாண்டி பஜாரில் காலணி, கைப்பை, ஆயத்த ஆடை; 2019இல் அகலமான நடைபாதை போடப்பட்டபின் முதியவர்களும் நிதானமாக நடந்து வாங்க முடிகிறது. 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைமேடை மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. பெட்டி, குழந்தையோடு வருவோர் கூட்டத்தில் சிக்காமல் கடக்க அதுவே வழி.

தி.நகருக்கு வெளியூரார் வரும் முதன்மைக் காரணம் பட்டுப்புடவை. 1928இல் தொடங்கிய நல்லி முதல், திருநெல்வேலியிலிருந்து வந்த ஆர்.எம்.கே.வி. வரை பட்டின் பெரிய பெயர்கள் பனகல் பூங்காவைச் சுற்றியே குவிந்திருக்கின்றன. நெய்வது காஞ்சிபுரம், ஆரணி, கும்பகோணம் தறிகளில், விற்பனை இங்கே. புடவை எடுப்பவர்கள் முகப்பின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்வதைவிட, புடவையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது முக்கியம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் அசல் கோர்வைப் புடவையில், இரண்டும் சேரும் இடத்தில் நூல்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பது பின்பக்கம் தெரியும். இதற்குத் தறியில் இரண்டு பேர் தேவைப்படுவதால்தான் விலை கூடுகிறது. ஜரிகையைச் சற்றே சுரண்டினால், வெள்ளி சுற்றிய ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரியும். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலொன்றை எரித்தால், பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாகும். கடையில் எல்லாரும் நெருப்பு வைத்துப் பார்க்க முடியாது என்பதால் ‘சில்க் மார்க்’ முத்திரையைக் கேட்டு வாங்கலாம். ஜரிகை எவ்வகை என்பதைப் பில்லில் எழுதச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. நல்ல கடைக்காரர் தயங்காமல் எழுதித் தருவார்.

நகைக்கடையில் அன்றைய பவுன் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் வருவது சேதாரத்திலும் செய்கூலியிலும். ஒரே எடைக் கழுத்துச் சங்கிலிக்கு இரண்டு கடைகளில் சேதார விழுக்காடு வேறுபடும். பேரம் பேச இடமிருப்பதும் அங்கேதான். 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீடு ஹால்மார்க் நகைகளில் கட்டாயம். அந்தக் குறியீட்டைக் கடையிலேயே ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

இக்கடைகளில் துணியை விரித்துக் காட்டுவோரில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள். நாளெல்லாம் நின்றபடி வேலை செய்த அவர்களுடைய வாழ்க்கையை, ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்ட வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் வெளியே கொண்டுவந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. புடவை மலைபோல் குவிந்தபின் எதையும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நாற்பது புடவையை மடித்து வைக்கும் வேலை அவர்களுடையது.

மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகள் வழிபாட்டுக்கும் கலைக்கும் வேண்டிய பொருள்களுக்குரியவை. பூசைச் சாமான், விளக்கு, தோத்திரப் புத்தகம், பரதநாட்டியத்துக்கான கோயில் நகை, சலங்கை, அப்பளம், வடகம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். கச்சேரி சாலையில் டப்பா செட்டிக் கடை என்னும் நாட்டு மருந்துக் கடை தலைமுறைகளாகப் பிள்ளைபெற்ற வீடுகளுக்கு மருந்துச் சரக்கு கொடுத்துவருகிறது. நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பு வடக்கு மாடவீதி முழுக்கக் கொலு பொம்மைகள் இறங்கும்: காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களிலிருந்து. சென்னையில் வாங்கும் அனுபவத்துக்காகவே ஒரு தெருவுக்குப் போகவேண்டுமென்றால், அந்த வாரங்களில் இந்தத் தெருவைச் சொல்லலாம்.

பிற இடங்கள்

நெசவாளர் குடியிருப்பாகத் தொடங்கிய சிந்தாதிரிப்பேட்டையின் ஓரத்தில், அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. கணினி, கேமரா, ஒலிபெருக்கி, மின்னணு உதிரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் சந்தை. கல்லூரித் திட்டப்பணிக்கு ஒரே ஒரு சென்சார் தேடிவரும் மாணவருக்கும் இங்கே மரியாதை உண்டு. வண்டி உதிரிகளுக்குப் புதுப்பேட்டை.

கைத்தறிக்கு எழும்பூர் பாந்தியன் சாலை. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் தலைமையகமும், மீட்டர் கணக்கில் பருத்தித் துணி விற்கும் சிறு கடைகளும் அங்கே அருகருகே உள்ளன. தீபாவளியையொட்டிக் கோ-ஆப்டெக்ஸ் தரும் தள்ளுபடி பலரும் காத்திருந்து வாங்கும் ஒன்று. சுவாமிமலைச் செப்புத் திருமேனி, தஞ்சாவூர்த் தட்டு போன்றவற்றுக்கு அண்ணா சாலையின் பூம்புகார். கோ-ஆப்டெக்ஸும் பூம்புகாரும் அரசு சார்ந்தவை, பேரம் கிடையாது. கைவினைஞருக்குக் கூலி போய்ச்சேர வேண்டும் என்று கருதுவோர் இங்கே வாங்குவதே முறை.

பழைய புத்தகங்களின் தலைநகராக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. சென்ட்ரல் அருகே மாற்று வளாகம் எழுந்தாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. புத்தகம் தேடுவோர் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையையும் பார்ப்பது நல்லது. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் அண்ணா சாலையில் உள்ளது. தமிழ்ப் புத்தகம் மொத்தமாக வாங்க விரும்புவோர் பயணத்தைப் பொங்கலையொட்டி வைத்துக்கொண்டால், 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சியில் நாள் முழுக்கச் செலவிடலாம். காய், கனி, பூவுக்கு, கொத்தவால்சாவடியிலிருந்து 1996இல் இடம் மாறிய கோயம்பேடு சந்தை; அதற்கு விடியற்காலையே நேரம். எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி பீனிக்ஸ் போன்ற மால்கள் குளிர்ச்சியும் கழிப்பறையும் தருகின்றன. அங்கே கிடைக்கும் பொருள் எந்தப் பெருநகரிலும் கிடைக்கும்.

காலமும் போக்குவரத்தும்

ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவரை. கையில் பணம் உள்ளவர் தீபாவளித் துணியை அப்போதே எடுத்துவிடுவதுண்டு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் தி.நகருக்குக் குழந்தைகளை அழைத்துவராமல் இருப்பது நல்லது. காவல்துறை கண்காணிப்புக் கோபுரம் அமைக்குமளவுக்கு நெரிசல் இருக்கும். வாரநாள் முற்பகலில் வந்தால் அதே கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். ஜார்ஜ் டவுனுக்கு மண்ணடி, உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையங்கள், மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை, தி.நகருக்குப் புறநகர் ரயிலில் மாம்பலம். தென்மாவட்டப் பேருந்தில் கிளாம்பாக்கத்தில் இறங்குவோர் மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, அங்கே புறநகர் ரயிலேறினால் நேராக மாம்பலமும், அதே தடத்தின் முடிவில் கடற்கரை நிலையமும் போய்ச் சேரலாம்.