பிஸ்டன் இல்லாத இயந்திரத்துக்கு மூச்சு வந்த கதை: லயனல் 671 பற்றிய ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்பாதைக்கு எஸ்2 வகை நீராவிச் சுழலி இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. பால்ட்வின் பட்டறையும் வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியும் 1944இல் ஆக்கிய அதன் எண் 6200. அதே உருவில் லயனல் கம்பனி 1946இல் மின்சாரப் பொம்மை இயந்திரம் ஒன்றை விற்கத் தொடங்கியது. அசல் தண்டவாளத்தில் தோற்றது, பொம்மையோ அதை உள்ளது உள்ளபடி காத்துத் தந்தது என்ற வாசிப்பு சேகரிப்பாளர் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. அவர்கள் காட்டும் சான்றுகள் இரண்டு. முன்னே ஆறு, நடுவே எட்டு, பின்னே ஆறு என்ற சக்கர ஒழுங்கு பொம்மையிலும் மாறாமல் இருக்கிறது. தொடக்ககாலப் பொம்மைகளின் முகப்புச் சின்னத்தில் 6200 என்றே இருக்கிறது. இரண்டையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டும் தோலைப் பற்றிய சான்றுகள். சக்கர ஒழுங்கைக்கூட வடிவமைப்பாளர் விரும்பி வைக்கவில்லை. முதலில் 4-8-4 என்றுதான் வரைந்தார்கள். யுத்தகாலத்தில் பாரம் குறைந்த உருக்குக் கலவைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் இயந்திரம் கனத்துப்போக, முன்னும் பின்னும் கூடுதல் சக்கரங்கள் வைக்க வேண்டியதாயிற்று. பொம்மை பிரதியெடுத்தது ஒரு தட்டுப்பாட்டின் தழும்பை.

உள்ளே போனால் அந்த வாசிப்பு நிற்பதில்லை. எஸ்2இல் பிஸ்டன் இல்லை. 6,900 குதிரைவலுச் சுழலி ஒன்று பற்சக்கரங்கள் வழியாக நடு அச்சுகளை இயக்கியது. பின்னோக்கிப் போக 1,500 குதிரைவலுவில் தனிச் சுழலி. ஆகவே புகைபோக்கியில் ‘குப் குப்’ இல்லை, ஒரே சீரான இரைச்சல்தான். மெதுவாக ஓடும்போது நீராவியை அள்ளிக் குடித்ததே அதன் கேடு. லயனல் செய்ததைப் பாருங்கள். 1946இல் விளக்கின் சூட்டில் குளிகையை எரித்துப் புகை வரவைத்தார்கள். மறுவருடம் சூடேறும் கம்பிச் சுருள் வந்தது. அந்த அமைப்பில் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் ஒரு குட்டிப் பிஸ்டன் புகையை விட்டு விட்டுத் தள்ளியது. அசலில் எதை ஒழித்தார்களோ, அதுவே பொம்மையின் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. டீசலில் ஓடும் மட்டக்களப்புக் கோச்சியையும் இன்றுவரை ‘புகையிரதம்’ என்றே எழுதும் நமக்கு இந்த மனப்போக்கு புதிதல்ல.

அதே புகைப்பெட்டி லயனலின் மற்ற இயந்திரங்களிலும் உண்டு, அதைச் சுழலியோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. பொதுவான இயக்கப்பொறி ஒன்றின்மேல் எஸ்2இன் சட்டையை மாட்டினார்கள் என்பதுதானே அதன் பொருள்? சாரதி அறையின் கீழுள்ள எண்ணும் இதையே சொல்கிறது. 1946இல் இதே இயந்திரம் ஓ அளவுத் தண்டவாளத்துக்கு 671, ஓ27 தண்டவாளத்துக்கு 2020 என இரண்டு எண்களில் வந்தது. ஆக, எண் குறித்தது கடைக்கணக்கை.

இந்த இடத்தில் 1952ஆம் வருடத்து வகையொன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1950இல் வந்த 681இன் சக்கரங்கள் காந்தமேற்றப்பட்டு உருக்குத் தண்டவாளத்தைக் கவ்வின. கொரிய யுத்தத்தால் காந்த உலோகம் அரிதாகிப்போக, 1952இல் காந்தமில்லாமல் பழைய எண்ணுக்கே திரும்பினார்கள். அவற்றில் சிலதில் ‘671ஆர்ஆர்’ என்றும், சிலதில் வெறும் ‘671’ என்றும் பொறித்திருக்கிறது. எனவே ‘671’ என்ற பொறிப்பை மட்டும் பார்த்து வருடம் சொல்வது துணிச்சல்; இயக்கப்பொறியைக் கழற்றிப் பார்க்காமல் 1940களா 1952ஆ என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆயினும் ஒன்று தெளிவு: அசலைக் கனக்கச் செய்தது ஒரு யுத்தம், பொம்மையின் பிடியைத் தளர்த்தியது இன்னொரு யுத்தம்.

1949இல் ஓய்வுக்குப் போன 6200, அதே 1952இல் உடைக்கப்பட்டது. ஒப்பிட அசல் இல்லாத 1954இல் வந்த 682இன் பக்கவாட்டில், சக்கரத்தோடு ஆடும் ஒரு மெல்லிய இணைப்புத் தண்டு புதிதாகச் சேர்ந்தது. எண்ணெயிடும் கருவியின் தண்டு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். இருக்கட்டும். பிஸ்டன் இயந்திரத்தின் கைகால் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வைத்த தீனி அது என்பதே என் ஊகம். சான்று மெலிந்த ஊகம்தான், ஆனால் புகைப்பெட்டிக்குள் ஏற்கெனவே பிஸ்டன் வைத்தவர்கள் விஷயத்தில் அதைக் கைவிட எனக்கு மனமில்லை.