நடுங்கும் படமும் நிலைத்த கடிகாரமும்

சென்னைத் தெருக்களில் "புத்தூர்க் கட்டு" என்னும் பெயர்ப்பலகையைக் காணாத தமிழர் அரியர். முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டும் வைத்தியத்தால் பெயர்பெற்ற அப்புத்தூர் சித்தூர்ச் சீமையைச் சார்ந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, புத்தூர் நகரம் ஆந்திரத்திலேயே நின்றது. அங்கும், இன்னும் தொலைவில் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில், 1980-களில் எடுத்த திருமண வீடியோ காஸெட்டுகள் உறங்குகின்றன. மறைந்த பாட்டனார் நடப்பதையும் பேசுவதையும் காட்டுவது அந்த ஒரு நாடாவே என்னும் வீடுகள் பல.

அதனை இன்று கணினிக்கு மாற்றினால் படம் நடுங்குகிறது. பந்தற் கால்கள் பாம்பென நெளிகின்றன. நாடா கெட்டுவிட்டதென்று எறிந்துவிடுவோரும் உளர். அவசரப்பட வேண்டுவதில்லை.

பெரும்பாலும் பிழை காட்சியில் இல்லை. காலக் கணக்கில் இருக்கிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படங்கள். படம் ஒன்றுக்கு 625 கோடுகள். ஆகவே ஒரு கோட்டிற்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் 15,625-இல் ஒரு பங்கு. நாடா சிறிது நீண்டாலும் கோடுகள் முந்தியும் பிந்தியும் புறப்படும். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி அத்தடுமாற்றத்தோடு தானும் இசைந்து கொடுத்தது. கணினிக் கருவியோ கண்டிப்பான கணக்கர். இசைந்து கொடுக்க அறியாது.

இத்தொல்லை காஸெட்டோடு பிறந்ததன்று. 1956 ஏப்ரலில் சிக்காகோவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் தம் முதல் வீடியோப் பதிவு யந்திரத்தைக் காட்டினர். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் உழைத்த அக்குழுவில் இளைஞர் ரே டால்பியும் இருந்தார். நாடாவின் அகலம் 2 அங்குலம். ஆயினும் தொடக்கத்தில், எந்தக் காந்தத் தலைகளால் பதிந்தனரோ அவற்றைக் கொண்டே ஓட்டினால்தான் படம் ஒழுங்காக வந்தது! பின்னர் மின்சுற்றுக்களால் காலப்பிழையை ஓரளவு திருத்தினர். 1973-இல் கன்ஸாலிடேட்டட் வீடியோ சிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் எண்முறைக் காலத்திருத்தியை வெளியிட்டது. "டைம் பேஸ் கரெக்டர்" எனப்படுவது இதுவே. தடுமாறி வரும் கோடுகளை நினைவகத்தில் சற்றே நிறுத்தி, நிலையான கடிகாரத்தின் தாளத்திற்கு ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது, அவ்வளவுதான். எளிய சூழ்ச்சி, ஆனால் நினைவகம் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே புத்தூரார் அறிந்த உண்மையொன்று பொருந்தும். கோணலாகக் கூடிய எலும்பைப் பின்னர் நேராக்குவது கடினம். அவ்வாறே, காலத்திருத்தி இன்றிக் கணினியில் பதிந்த படத்தில், கோடு புறப்பட்ட நேரத்தைக் காட்டும் குறிப்பலைகள் நீங்கிவிடுகின்றன. பிறகு மென்பொருள் ஊகித்தே திருத்த வேண்டும். ஆதலின் மாற்றும்பொழுதே திருத்துதல் வேண்டும். காஸெட்டைக் கடையில் கொடுப்போர், காலத்திருத்தி உண்டா என்று முதலில் கேட்பாராக. சில உயர்தர எஸ்-வி.எச்.எஸ். யந்திரங்களிலும் டி.வி.டி. பதிவுக் கருவிகளிலும் அது உள்ளேயே அமைந்திருப்பதுண்டு.

வி.எச்.எஸ். யந்திரங்களைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. நல்ல யந்திரம் ஆண்டுதோறும் அரிதாகிறது. நடுங்கும் பிரதி ஒன்று முன்பே எடுத்திருப்பினும், மூல நாடாவைக் களையாமல் ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிறுத்தி வைத்திருங்கள்.