கையகலக் கல்லின் சாட்சியம்

குகைச் சுவரில் தீட்டிய ஓவியமும் பாறை முகப்பில் கீறிய உருவமும் தாம் தோன்றிய இடத்தை விட்டு நகர்வதில்லை. தொல்குடியினர் கையளவு கல்லிலும் எலும்பிலும் முட்டையோட்டிலும் செதுக்கியும் கீறியும் விட்டுச் சென்றவையோ, ஆற்று வெள்ளத்தாலும் ஏர்முனையாலும் சாலைக்குச் சரளை வெட்டும் கடப்பாரையாலும் ஓயாமல் இடம்பெயர்பவை. எடுத்துச் செல்லத்தக்க கலைப்பொருள்கள் எனத் தொல்லியலார் வகைப்படுத்தும் இவற்றை ஆராயப் புகுவோர், கல்லில் தெரியும் வடிவம் மனிதக் கையால் ஆனதா இயற்கையால் ஆனதா என்பதையும், அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதையும் முதலில் தெளிந்தாக வேண்டும். இந்திய மண்ணில் இவ்விரு கேள்விகளும் முறையாக எழுந்த இடம், மறைமலை நகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே வடக்கே சென்றால் தாம்பரத்தைக் கடந்ததும் வருகின்ற பல்லாவரம் ஆகும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்துப் படைத்திடலை ஒட்டிய சரளைக் குழியில், வெட்டிக் கொட்டப்பட்டிருந்த கற்களுக்கிடையே ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். கைக்கோடரி என்பது பிடியின்றி உள்ளங்கையில் பற்றிப் பயன்படுத்தும்படி இருபுறமும் சில்லு பெயர்த்துக் கூராக்கிய கல். பல்லாவரத்துக் குன்றுகள் சார்னோகைட் என்னும் கருநிறப் பாறையால் ஆனவை. கோடரியோ குவார்ட்சைட் எனப்படும், மணற்கல் இறுகிப் படிகமான வேறு வகைக் கல்லால் ஆனது. ஒரு கல்லை மற்றொரு கல்லால் ஓங்கி அடிக்கும்போது சில்லின் உட்புறத்தில் அடிபட்ட புள்ளிக்குக் கீழே சிறு புடைப்பு உண்டாகும். சில்லு பெயர்ந்த கல்லில் அதற்கு நேரான குழிவு பதியும். அடியின் அதிர்வு குளத்து அலைபோல் வளைகோடுகளாகவும் படிவதுண்டு. ஆற்றில் உருளும் கல்லிலும் ஓரிரு சில்லுகள் பெயரக்கூடும். ஆயினும் விளிம்பு நெடுகிலும், முன்னும் பின்னுமாக, ஒரு சில்லின் தழும்பை அடுத்த சில்லின் தழும்பு வெட்டிச் செல்லும் ஒழுங்கை ஆறு தருவதில்லை.

முதற்கேள்விக்கு அந்தக் கோடரியே விடை சொன்னது. இரண்டாவது கேள்விக்கு, குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட கல்லால் விடை சொல்ல இயலவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்த பிறகுதான், கருவிகள் மண்ணடுக்கோடு சேர்ந்தே கிட்டின. அங்கு 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட அகழாய்வு, கீழடுக்குக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்னும் முடிவை 2011இல் வெளியிட்டது. மண்ணடுக்கு சிதையாமல் இருந்திராவிட்டால் இந்தக் கணக்கே எழுந்திராது.

ஃபூட்டின் தேடலுக்குத் தூண்டுகோலாக அமைந்தது பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் பூஷே தெ பெர்த் கண்ட கைக்கோடரிகளை ஆங்கிலேய அறிஞர்கள் 1859இல் மெய்யென ஏற்ற நிகழ்ச்சியாகும். கோடரிகளைப் பற்றி எழுதிய அதே பெர்த், மனித முகமும் விலங்குருவும் தோன்றும் தீக்கற்களையும் சேர்த்து, அவை தொல்மனிதனின் சிற்பங்கள் என வாதிட்டார். உலகம் கோடரிகளை ஏற்று, முகக்கற்களை ஒதுக்கியது. வடிவைத் தேடும் கண்ணுக்கு எந்தக் கல்லிலும் வடிவு தோன்றும் என்பதால், அவ்வாறு ஒதுக்கியது சரியே. ஆனால் கையால் செதுக்கப்படாத கல் தொல்மனிதனின் மனத்தைக் காட்டாது என்று அதிலிருந்து முடிவு கட்டுவது பிழை.

மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பாகோரில் 1980களின் தொடக்கத்தில் ஜி.ஆர். சர்மா, டெஸ்மண்ட் கிளார்க் ஆகியோரின் குழுவினர் நடத்திய அகழாய்வு இதற்குச் சான்று. மேலைப் பழங்கற்காலத்தின் இறுதியைச் சேர்ந்த அவ்விடத்தில், மணற்கற்களை வட்டமாக அடுக்கிய ஒரு மேடையும், அதில் வைக்கப்பட்டிருந்த ஒரு கல்லின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. துண்டுகளைப் பொருத்தியபோது, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த முக்கோண வரிகளைக் கொண்ட கல் உருப்பெற்றது. வரிகள் இயற்கையானவை, அந்தக் கல்லைத் தேர்ந்து மேடையில் வைத்ததே மனிதச் செயல். அவ்வட்டாரத்துக் கோல், பைகா குடியினர் அத்தகைய வரிக்கற்களைத் தாய்த்தெய்வமாக மேடையில் வைத்து அகழாய்வு நடந்த காலத்திலும் வழிபட்டதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்தனர்.

தமிழ்நாட்டில் இதற்கு நேரெதிரான நிலையில் நிற்பது, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது கிடைத்து, 2006இல் அறிவிக்கப்பட்ட புதிய கற்காலக் கற்கோடரி. வழவழப்பாகத் தேய்த்த அக்கல்லில் நான்கு குறிகள் கீறப்பட்டுள்ளன. அவை சிந்துவெளிக் குறிகளே எனவும், முதலிரண்டும் முருகனைக் குறிப்பன எனவும் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். முதற்குறியை ஒத்த வடிவம், 1950களில் அகழப்பட்ட செங்கல்பட்டு வட்டாரத்துச் சானூர் ஈமக்காட்டுப் பானையோட்டிலும் இருப்பதை அவர் சுட்டினார். கீறியது மனிதக் கை என்பதில் ஐயமில்லை. கோடரி தேய்க்கப்பட்ட காலத்திலேயே குறிகளும் கீறப்பட்டனவா என்பதற்கு வீட்டுக்குழி விடை தராததால், அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இதனால்தான் ஃபூட் திரட்டிய தொல்பொருள் தொகுப்பை அதிலுள்ள கருவிகளின் அழகுக்காக மட்டுமன்றி, ஊர்ப்பெயரும் இடக்குறிப்பும் சேர்ந்த ஆவணமாகவும் மதிக்க வேண்டியுள்ளது. சென்னை அரசு அருங்காட்சியகம் பெற்ற அத்தொகுப்பின் விளக்கப் பட்டியல், 1912இல் அவர் மறைந்த பிறகு, 1914இலும் 1916இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை நிலம் மனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவிட்ட நிலையில், அவர் கண்டதைப் போன்ற சரளைப் பரப்பை இப்பகுதியில் காண்பது அரிது.

பாகோரில் போலவே, செதுக்காத கல்லைத் தெய்வமாகக் கொள்ளும் மரபு இங்கும் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர் கன்னியம்மனை வழிபடுகின்றனர். தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் மரத்தடியில் ஏழு கற்கள் கன்னிமார் என்னும் கன்னித் தெய்வங்களாக வரிசையில் நிற்கின்றன. உளிபடாத அக்கற்களுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசுவர். அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவி அருங்காட்சியக மேசையில் வைத்தால், அதைக் கன்னி என்று காட்டும் தழும்பு எதுவும் அக்கல்லில் இராது.