மதுரைக் கோட்டை – 14: உள்ளிருந்து திறந்த கதவு

சென்ற வாரம் கும்பினிப் படையைத் தெப்பக்குளத்தில் விட்டுவந்தோம். 1763 நவம்பர். மழைக்காலம் வந்துவிட்டது, கோட்டையைப் பிடிக்க முடியாமல் கர்னல் மான்சன் பின்வாங்கிக் கிடந்தார். உள்ளே, கும்பினியிடமே போர்த்தொழில் செய்து உயர்ந்த கம்மந்தான் கான் சாகிப், பிரெஞ்சுக் கொடியை ஏற்றி வைத்திருந்தார்.

ஏன் பகைத்தார்? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுக்கிறேன் என்று கேட்டார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் சென்னைக் கும்பினியாரும் மறுத்தார்கள். வரி வசூலிக்கத் தெரிந்தவன் ஒருநாள் தனியரசனாகவும் ஆகிவிடுவான் என்கிற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கான் சாகிப் குற்றமற்றவர் அல்லர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கும்பினிக்காகப் பிடித்தவரும் இவர்தான். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அதன் நிலங்களை மீட்டுக்கொடுத்தவரும் இவரேதான். மதுரை அவரை மறக்கவில்லை. கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கோட்டை எங்கே இருந்தது என்று வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். ரயிலைவிட்டு இறங்கி மேலவெளி வீதியைத் தாண்டி ஊருக்குள் போகிறீர்களே, அங்கேதான். மதிலும் அகழியும் ஓடிய சுற்றில்தான் இன்றைய நான்கு வெளி வீதிகளும் கிடக்கின்றன. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த இரட்டை மதில். கொத்தளங்கள் 72, பாளையங்களும் 72. ஒவ்வொரு பாளையக்காரருக்கும் காக்க ஒரு கொத்தளம் என்பது ஏற்பாடு. பின்னாளில் கலெக்டர் பிளாக்பர்ன் எல்லாவற்றையும் இடித்து அகழியைத் தூர்த்தார். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்தளத்தின் மிச்சம் நிற்கிறது. அவசரமாகப் பேருந்து பிடிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். கான் சாகிபின் ஆட்கள் காவல் நின்ற மதில் அது.

1764-இல் கும்பினி மறுபடி வந்தது. இம்முறை தலைமை மேஜர் சார்லஸ் கேம்பெல். ஜூன் 26-ஆம் தேதி மதிலேறப் பாய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அடித்துத் துரத்தினார்கள். கும்பினியின் பேர்பெற்ற தளபதி மேஜர் பிரெஸ்டன் அன்று பட்ட காயத்தாலேயே மாண்டார். அதன்பிறகு கேம்பெல் மதிலைத் தொடவில்லை. ஊரைச் சுற்றி வளைத்து, ஒரு மூட்டை நெல்கூட உள்ளே போகாதபடி வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. பசித்த சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். சரணடையலாம் என்று பேச்சு எழுந்தது. அப்படிப்பட்ட ஒரு வாக்குவாதத்தில், கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷானைக் கான் சாகிப் சவுக்கால் அடித்துவிட்டார் என்கிறார்கள். எல்லோரும் பார்க்க விழுந்த அடி. அதை மார்ஷான் மறக்கவில்லை.

அடுத்து நடந்தது ரகசியக் கூட்டு. மார்ஷான் ஒருவர். திவான் சீனிவாச ராவ் இன்னொருவர். கான் சாகிபின் கணக்கும் கருவூலமும் அவர் கையில். மூன்றாமவர், கான் சாகிபுக்கு மருந்து கொடுத்து வந்த வைத்தியர் பாபா சாகிப். பணம் எங்கே இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் தனியாக இருப்பார் என்று மூவருக்கும் தெரியும். வெளியே கேம்பெலின் பாசறைக்குச் செய்தியும் போயிற்று.

தேர்ந்தெடுத்த நேரம் தொழுகை நேரம். அக்டோபர் 13. கான் சாகிப் வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழுகையில் இருந்தார். அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் அதே கோட்டைக்குள்தான். மூவரும் ஆட்களோடு உள்ளே நுழைந்தார்கள்.

அவர்கள் கணக்கில் ஒருவர் மட்டும் விடுபட்டுப் போயிருந்தார். கான் சாகிபுக்குச் சோறாக்கிப்போட்ட சமையல்காரர் முதலி. எசமானை நோக்கிப் பாய்ந்த கூட்டத்தைக் கண்டதும் அவர் ஓடினார், தொண்டை கிழியக் கூவியபடி. விசுவாசமான சிப்பாய்கள் கோட்டையில் இன்னும் இருந்தார்கள். அந்தக் குரல் அவர்கள் காதில் விழுந்ததா?

(தொடரும்)