தந்தியில் போன பூங்கொத்து

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு சின்ன ஊர். ராக்கி மலையில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. 1870களின் கடைசியில் வெள்ளி கிடைத்ததும் கூட்டம் அலைமோதியது. 1893-ல் வெள்ளி விலை சரிந்தது, ஊரும் சரிந்தது. இன்று அங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை.

அப்படியொரு ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் நியூயார்க்கில். அடக்கத்துக்கு அவன் சார்பில் ஒரு மலர்வளையமாவது வேண்டாமா? லெட்வில்லுக்கு 1880-லேயே ரயில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நாட்கணக்கில் பயணம் செய்யும் பூ வாடிவிடும், பனிக்காலமானால் உறைந்தே போகும்.

இதற்குக் கிடைத்த விடை: பூவை அனுப்பாதே, ஆர்டரை மட்டும் அனுப்பு! 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து எஃப்.டி.டி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். விரித்தால் 'ஃப்ளோரிஸ்ட்ஸ் டெலிகிராஃப் டெலிவரி'. நியூயார்க் கடையில் பணம் கட்டினால் தந்தி போகும், அந்த ஊர்க் கடைக்காரர் தன்னிடம் இருக்கும் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

தந்தி பெரிய விஷயமில்லை, அது ஏற்கெனவே இருந்ததுதான். முகமே பார்க்காத ஒரு வியாபாரியை நம்பி, கையில் காசு வருமுன்னே சரக்கைக் கொடுப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். சங்கம் நடுவில் நின்று கணக்குத் தீர்த்தது. பிற்காலத்தில் நிலைத்த வழக்கப்படி ஆர்டர் பிடித்த கடைக்கு 20 சதவீதம், சங்கத்துக்கு சுமார் 7, மீதி பூ கொடுத்த கடைக்கு. நியாயமான பங்குதான்.

இதில் ஒரு வேடிக்கை. கொலராடோவின் கார்னேஷன் பூக்கள் ஒரு காலத்தில் பேர்போனவை. 1967-ல் அதே மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த டேவிட் சீவர் என்ற மாணவர், பூ வளர்க்க கொலம்பியாவின் பொகோட்டா பகுதிதான் தோது என்று ஒரு கட்டுரை எழுதினார். எழுதியதோடு விடாமல் அங்கே போய்த் தொழிலும் தொடங்கினார்! உள்ளூர்ப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆக மலையூர்க் கடையில் இன்று பூ உள்ளூர் இல்லை. கட்டும் கையும் கொண்டுபோகும் வண்டியும்தான் உள்ளூர்.

இன்டர்நெட் வந்தபின் அந்தக் கைக்கும் ஆபத்து. எங்கோ உட்கார்ந்துகொண்டு, ஊர்ப் பெயரைக் கடைப் பெயரில் ஒட்டிக்கொண்டு ஆர்டர் பிடிக்கும் கம்பெனிகள் பெருகின. இதைத் தடுக்க அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டமே போட்டன. கணக்குப் பாருங்கள். வாடிக்கையாளர் 100 டாலர் கட்டுகிறார். சேவைக் கட்டணம் என்று 15 போனால் மீதி 85. அதில் 27 சதவீதம் கழிந்தால் மலைக்கடைக்கு வருவது 62 டாலர். படத்தில் இருப்பதோ 100 டாலர் பூங்கொத்து. வாடிக்கையாளர் திட்டுவது யாரை? பனியில் வண்டி ஓட்டிப்போய்க் கொடுத்தவரை!

கடைக்காரர்களின் கூட்டுறவாக இருந்த எஃப்.டி.டி. 1994-ல் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. 2019 ஜூனில் திவால் மனு போட்டது, பிறகு வேறு கைகளுக்கு மாறியது.

விவரம் தெரிந்தவர்கள் இப்போது அந்த ஊர்ச் சர்ச்சுக்கோ அடக்கம் நடத்தும் நிலையத்துக்கோ போன் போட்டு, நிஜமான பூக்கடை எது என்று கேட்டுவிடுகிறார்கள். பிறகு நேராகக் கடைக்கே ஒரு போன். நூறு டாலரும் அவருக்கே போகிறது, இன்று கடையில் எந்தப் பூ நன்றாக இருக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.